அவர் தலைக்கு என் கையில் டெஸ்ட்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர, பெரிய ற எது எங்கே வரும் என்பது இன்றைக்கும் குழப்பம்தான். எங்கள் முடிதிருத்துவோர் சங்க மலருக்குத் தொழில் அனுபவம் ஒன்று எழுதித் தரும்படி செயலாளர் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். கூட்டத்தில் எழுந்து பேசு என்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். பிழைகளை அவர் திருத்திக்கொள்வார். புதிதாகக் கத்தரி பிடிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்காக, தலைமுடிக்கு டை போடுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1. வம்சத்து மீசை

ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரஹீம் பாய் சலூனில் இரண்டாவது சேர் என்னுடையது. பாய் துபாயில் பல வருஷம் இதே தொழில் பார்த்துவிட்டு வந்து கடை போட்டவர். முதல் சேரில் அவர் நிற்பார்.

எங்கள் ஊர் அங்கிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம். என் அப்பா ஊருக்கே சவரம் செய்தவர். அறுப்பு முடிந்ததும் களத்தில் அவருக்கு நெல் அளப்பார்கள். வாய்க்கால் ஓரத்தில் ஒரு துண்டு நிலமும், அந்த வேலைக்காக ஊர் விட்ட மானியமாக எங்கள் குடும்பத்துக்கு இருந்தது. அப்பா காலத்திலேயே அது பக்கத்து வயல்காரர் தங்கவேல் அண்ணன் வீட்டு வரப்புக்குள் போய்விட்டது. எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. என் தம்பி மட்டும், வருஷா வருஷம் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி வந்தால், அதைத் திருப்பிக் கேட்டு விடாமல் மனு கொடுப்பான். நான் எந்த மனுவிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனாலும் தங்கவேல் அண்ணன் கணக்கில் நானும் எதிர்க்கட்சிதான்.

அப்படி இருந்தும் முடி வெட்ட என்னிடம்தான் வருவார். பாய் ஒருமுறை சிரித்துக்கொண்டே காரணம் கேட்டார்.

"தெரியாத பயகிட்ட கழுத்த நீட்டுறதுக்கு, தெரிஞ்ச பகையாளிகிட்ட நீட்டலாம் பாய். அவன் என்ன பண்ணுவான்னு நமக்குத் தெரியும்ல" என்றார்.

கண்ணாடியில் என் கையைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டு அவர் சவரம் செய்துகொண்டதை நான் பார்த்ததே இல்லை.

அவருக்குத் தலை பஞ்சு போல வெளுத்திருக்கும். மீசை மட்டும் கரி போல இருக்கும். அந்தச் சித்திரையில் வந்து, தனக்கு அறுபது முடிகிறது, திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வைத்திருக்கிறோம், தலைக்கு டை போட வேண்டும் என்றார். சிங்கப்பூரில் இருக்கிற மகள் வீடியோவுக்கு ஆள் ஏற்பாடு செய்திருக்கிறாளாம். வெள்ளைத் தலையோடு தாலி கட்டினால் பேத்தி சிரிப்பாளாம்.

வழக்கமாகக் கேட்பதை நான் கேட்டேன். இதற்கு முன் டை போட்டது உண்டா, போட்டு அரிப்பு கிரிப்பு வந்தது உண்டா?

"சீச்சீ. இதான் முதல் தடவை."

கூச்சத்தோடுதான் அடுத்ததையும் கேட்டேன். "மீசைக்குண்ணே?"

"அது வம்சம்டா. எங்கப்பாருக்கும் கடைசி வரைக்கும் மீசை நரைக்கல."

அவர் அப்பாவுக்கு என் அப்பாதான் சவரம் செய்தார். வெள்ளை மீசையோடு அவரை நான் பார்த்திருக்கிறேன். முதல் சேரில் பாய் இருமினார். நான் தலையைக் குனிந்துகொண்டு சீப்பைத் துடைத்தேன். அதற்கு மேல் ஒரு பெரிய மனிதரிடம் எப்படிக் கேட்பது?

2. ஒரு பானை சோறு

டை பாக்கெட்டை அவரே தஞ்சாவூரில் வாங்கி வந்தார். எங்கள் கடைச் சரக்கை நம்பவில்லை. பிரிக்காத அட்டைப்பெட்டி, உள்ளே டியூப், டெவலப்பர், காகிதம் எல்லாம் இருந்தன. பாய் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, முதலில் கொஞ்சம் எடுத்துக் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் விட்டுப் பார்க்க வேண்டும், துபாயில் இது இல்லாமல் தலையில் கை வைக்க விடமாட்டார்கள் என்று சொன்னார்.

தங்கவேல் அண்ணனுக்கு டெஸ்ட் என்ற சொல் பிடித்திருந்தது. ஆனால் காதைக் காட்ட மாட்டேன் என்றுவிட்டார்.

"என் காதுல தடவி வெந்துபோச்சுன்னா? நல்லா இருக்கே கதை. முருகேசா, உன் கைய நீட்டு. உன் கையிலயே தடவு."

பாய் ஏதோ சொல்ல வந்தார்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் பாய். சரக்கு நல்ல சரக்கா, விஷமான்னு இவன் கையில தெரிஞ்சிடும். விஷமா இருந்தா கலக்குனவன் கையில இருக்கட்டும்."

இன்றைக்கு இதைப் படிக்கிற பிள்ளைகள் சிரிக்கலாம். அன்றைக்கு அந்தப் பேச்சு எங்கள் எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. நெல் மூட்டையில் குத்தூசி விட்டு நாலு நெல்மணி எடுத்துப் பார்த்து விலை பேசுகிற ஊர் எங்களுடையது. நாலு மணி சரியென்றால் மூட்டை சரி. காகிதத்தில் போட்டிருக்கிற சோதனையும் சரக்குக்குத்தான் என்று கடையில் உட்கார்ந்திருந்த எல்லோருமே தலையாட்டினார்கள்.

அவர் கண் முன்னால் கொஞ்சம் கலந்து என் முழங்கையின் உள்பக்கம் தடவினேன். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். மீதி டியூபை மூடித் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது என் கையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார், விரலால் தேய்த்தார், முகர்ந்தும் பார்த்தார். கறுப்புக் கறையைத் தவிர ஒன்றுமில்லை. வருஷக்கணக்காக டையில் ஊறிய கை இது. ஒன்றும் ஆகாது என்று எனக்கு முன்பே தெரியும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். கிண்ணத்தை என்னைக் கழுவச் சொல்லிவிட்டு, தானும் ஒருமுறை கழுவினார். நெற்றி ஓரத்தில் கறை படியாமல் இருக்க வாஸ்லின் தடவப் போனேன். "அது என்ன எழவு? பாக்கெட்டுல இல்லாதது எதுவும் என் மேல படக்கூடாது" என்று கையைத் தட்டிவிட்டார். நான் தடவத் தடவ, கண்ணாடியில் பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊறும் நேரத்தில் ஒருமுறை உச்சந்தலையைச் சொறிந்தார்.

"என்னண்ணே, அரிக்குதா? கழுவிடட்டுமா?"

"ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு."

காலிப் பெட்டியையும் டியூபையும் பையில் போட்டுக்கொண்டு போனார். அவற்றை வைத்து நான் ஏதாவது செய்துவிடுவேன் என்ற நினைப்பு.

3. கடைசியாகக் கை வைத்தவன்

திருக்கடையூரில் நடந்ததை அவர் மனைவி சரோஜா அக்கா பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

விடியும்போதே காது மடல் சிவந்திருக்கிறது. தூக்கமில்லாத சூடு என்று விளக்கெண்ணெய் தடவியிருக்கிறார்கள். ஹோமப் புகையில் கண் வீங்க ஆரம்பித்தது. கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றியதும் நெற்றியெல்லாம் எரிகிறது என்று அலறியிருக்கிறார். தாலி கட்டும் நேரத்தில் இரண்டு கண்ணும் கோடு போலாகிவிட்டன. சரோஜா அக்கா அவர் கையைப் பிடித்துத் தன் கழுத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். தடவித் தடவித்தான் முடிச்சுப் போட்டாராம். வீடியோக்காரர் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

பிறகு சந்தேகம் கிளம்பியிருக்கிறது. மாலையில் பூச்சி மருந்து அடித்திருப்பார்கள் என்று ஒருவர். லாட்ஜ் பொங்கல் என்று ஒருவர். கலசத்தில் யாரோ என்னமோ போட்டுவிட்டார்கள், இது செய்வினை என்று ஒருவர். கடைசியில் சரோஜா அக்காவின் தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"அத்தான், கடைசியா உங்க தலையில கை வச்சது யாரு?"

அந்தக் கேள்வி திருக்கடையூரிலிருந்து நேராக ஒரத்தநாட்டுக்கு வந்து சேர்ந்தது. அவரைப் பக்கத்து ஊரில் ஊசி போட்டுத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கே, மகன் செந்தில் இரண்டு பேரோடு கடைக்குள் வந்தான். சென்னையில் வேலை பார்க்கிற பையன். எப்போதும் "வாங்க, போங்க" என்று பேசுகிறவன்.

"நிலத்துக்காகவா செஞ்சீங்க?" என்றான்.

சட்டைக் கையைச் சுருட்டி முழங்கைக் கறையைக் காட்டினேன்.

"அதான் சொல்றேன். உங்க கைக்கு ஒண்ணு, எங்கப்பா தலைக்கு ஒண்ணு. மூஞ்சி இருக்குற இருப்ப வந்து பாருங்க. அவருக்குக் கண்ணு கிண்ணு போச்சுன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவோம்."

பாய் சமாதானமாகப் பேசி அனுப்பிவைத்தார். அவர்கள் போனதும் என்னிடம் வந்து, மெதுவாகத்தான் சொன்னார். "முருகேசு, தப்பா எடுத்துக்காத. இது தீர்ற வரைக்கும் சேர்ல நிக்காத. பின்னால துண்டு அலசிக் குடு, போதும். தீரலன்னா... பாப்போம்."

அந்த "பாப்போம்" எனக்கு விளங்கியது. பத்தொன்பது வயதிலிருந்து தெரிந்த ஒரே தொழில். ஒருவன் கைமேல் சந்தேகம் விழுந்துவிட்டால் ஒரத்தநாட்டில் எந்தக் கடையில் அவனுக்குச் சேர் கொடுப்பார்கள்? கழுத்தில் கத்தி வைக்கிற தொழில் இது. அதற்கு நம்பிக்கைதான் முதல். என்னிடமே வெட்டிக்கொள்கிறவர்கள்கூட, பின்கட்டில் துண்டு அலசும் என் கையை எட்டிப் பார்த்துவிட்டு முதல் சேருக்காகக் காத்திருந்தார்கள்.

சந்தேகம் வெளியாட்களோடு நிற்கவில்லை. எனக்குள்ளேயும் வந்தது. அன்று கிண்ணத்தைக் கழுவிய தண்ணீர் எந்தக் குடத்துத் தண்ணீர்? டை ஊறும்போது பாய் ஒரு ஸ்ப்ரே பாட்டிலை எடுத்தாரே, அதில் என்ன இருந்தது? பாய் தொழுகைக்குப் போகும்போது அலமாரி பாட்டில்களைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஒருநாள் அவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். நான் மூடியைத் திருகுவதைப் பார்த்தார். மறுநாளிலிருந்து அலமாரிக்குப் பூட்டு வந்தது.

அதைவிடக் கேவலம் ஒன்று. அந்த வாரம் என் தம்பி டீ குடிக்க என்னைக் கூப்பிட வந்தது நினைவுக்கு வந்தது. கடையில் தனியாக நின்றானா? எதையாவது தொட்டானா? அவன் வீட்டுக்குப் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. "நீயுமாண்ணே?" என்றான். அவ்வளவுதான். சாப்பிட்டுப் போ என்று அன்றைக்கு அவன் சொல்லவில்லை.

4. ஒரே அரிசியா?

ஒருநாள் செந்தில் போன் செய்தான். என்ன போட்டது, எப்படிப் போட்டது என்று டாக்டர் நேரில் கேட்க வேண்டுமாம். பாயும் கூட வந்தார். எனக்குத் துணையாகவா, நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கவா என்பது அவருக்குத்தான் தெரியும்.

கட்டிலில் இருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நெற்றியும் கண்ணும் ஒன்றாக உப்பி, காதோரம் நீர் வடிந்து பொருக்குத் தட்டியிருந்தது. என் குரலைக் கேட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தோல் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். காலிப் பெட்டியைச் சரோஜா அக்கா கொண்டுவந்திருந்தார். டெஸ்ட் செய்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டபோது எனக்கு முன்னால் தங்கவேல் அண்ணனே பதில் சொன்னார்.

"பண்ணுனோம்மா. இவன் கையில பண்ணுனோம். இவனுக்கு ஒண்ணும் ஆவல. அதான் எனக்கு இன்னும் சந்தேகம்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அவர் கையில எதுக்குங்க பண்ணுனீங்க?"

"ஒரு பானை சோத்துக்கு..."

"பானையில இருக்குறது எல்லாம் ஒரே அரிசி. நீங்களும் இவரும் ஒரே அரிசியா?"

"அது எப்படி ஒண்ணாவும்?" என்று அந்த வீக்கத்திலும் தங்கவேல் அண்ணன் வெடுக்கென்று சொன்னார்.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா.

சோதனை சரக்குக்கு இல்லை, போட்டுக்கொள்கிற ஆளின் தோலுக்கு என்று அவர் சொன்னபோது பாயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கறுப்பு டையில் பெரும்பாலும் பி.பி.டி. என்று ஒரு மருந்து இருக்கும். நிறம் பிடிக்க வைப்பது அதுதான். நூறு பேருக்கு ஒத்துக்கொள்வது ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்றார். சில பேருக்கு மூச்சே அடைக்குமாம். முகத்தோடு போனது நல்ல காலம் என்றார்.

தங்கவேல் அண்ணன் மசியவில்லை. அந்த மருந்துதான் காரணம் என்று எப்படி நம்புவது? வீக்கம் முழுசாக வடிந்த பிறகு முதுகில் பிளாஸ்திரி மாதிரிப் பட்டை ஒட்டி ஒவ்வொரு மருந்தாகச் சோதிக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார்.

"அப்ப இவன் முதுகுலயும் ஒட்டுங்க" என்றார்.

"அவர் என்ன நோயாளியா? அப்படியெல்லாம் முடியாதுங்க."

நான் வாய் திறந்து பேசுகிறவன் இல்லை. அன்றைக்குப் பேசினேன். "எனக்கும் ஒட்டுங்கம்மா. இல்லன்னா எனக்குச் சேர் இல்ல."

அப்படியென்றால் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. இந்த வழக்கில் நான் போட்ட ஒரே கையெழுத்து அதுதான்.

5. இரண்டு முதுகு

வீக்கம் வடிந்து பல வாரம் கழித்து எங்கள் இரண்டு பேர் முதுகிலும் வரிசையாகப் பட்டைகள் ஒட்டினார்கள். ஒரே மருந்து, டாக்டரம்மா கையாலேயே வைத்தது. குளிக்கக் கூடாது, வேர்க்க விடக் கூடாது, சொறியக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். குறுவை நடவு நேரம். புழுக்கம் தாங்காது. ஊர் திரும்பும் பஸ்ஸில் அவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு பேருமே சாய முடியாமல், அடி வாங்கப்போகிற பிள்ளைகள் மாதிரி முன்னால் குனிந்தபடியே வந்தோம். நடத்துநர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். சொறிகிறேனா என்று தங்கவேல் அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பட்டையைப் பிரித்துப் பார்க்கிற நாளில் என் முதுகில் ஒன்றும் இல்லை. அவர் முதுகில் பி.பி.டி. வைத்த ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவந்து தடித்து, கொப்புளம் கட்டியிருந்தது. செந்தில் அதைப் படம் எடுத்து அவருக்கே காட்டினான். பிறகு என் முதுகையும் எடுத்துக் காட்டினான். அவர் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

டாக்டரம்மா கேட்டார். "முதல் தடவைலயே தோல் இவ்வளவு கோவப்படாதுங்களே. இதுக்கு முன்னால இந்த மருந்து எங்கேயோ உங்க தோலுக்குப் பழகியிருக்கு. டை போட்டிருக்கீங்களா? கறுப்பு மருதாணி?"

"சத்தியமா இல்ல."

சரோஜா அக்கா பைக்குள் கையை விட்டு ஒரு பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து மேஜைமேல் வைத்தார். முள்ளெல்லாம் கறுப்பு. கூடவே மூலிகைக் கறுப்பு மருதாணி என்று அச்சடித்த ஒரு சின்னப் பாக்கெட்.

"வருசக்கணக்கா, அமாவாசை வந்தா கொல்லை ரூமைச் சாத்திக்குவாருங்கம்மா. போன்ல யாரோடயோ பேசுறாருன்னு நான்கூட சந்தேகப்பட்டேன். ஒருநா கதவிடுக்குல பாத்தேன். மீசைக்கு இதப் பூசிக்கிட்டு நிக்கிறாரு. மறுநா உதடு வீங்கும். என்னன்னு கேட்டா பச்ச மொளகா கடிச்சிட்டேம்பாரு."

செந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிரிப்பில் அவன் தோள் குலுங்கியது.

டாக்டரம்மா பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூலிகை என்று போட்டிருந்தாலும் இத்தனை கறுப்பு மருதாணியால் மட்டும் வராது, இதிலும் அதே மருந்து கலந்திருக்கும் என்றார். இனி ஆயுசுக்கும் கறுப்பு டை தொடக் கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

தங்கவேல் அண்ணன் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. வாசலில் செந்தில் மட்டும் என் பக்கத்தில் வந்து, "வாங்க, டீ சாப்பிடலாம்" என்றான்.

6. சேர்

அதற்கப்புறமும் பாய் என்னைச் சேருக்குக் கூப்பிடவில்லை. டாக்டர் சொன்னது ஆஸ்பத்திரிக்குள் நடந்த பேச்சு. கடைத்தெருவுக்கு அது எப்படித் தெரியும்? பாய்க்கு வியாபாரம் முக்கியம். அதைத் தப்பு சொல்ல மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடை நிறைய ஆள். தங்கவேல் அண்ணன் உள்ளே வந்தார். தலை வெள்ளை, மீசையும் வெள்ளை. அவரை அப்படிப் பார்த்ததே இல்லை என்பதால் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அவர் நேராகப் போய், ஆளில்லாமல் கிடந்த இரண்டாவது சேரில் உட்கார்ந்தார்.

பாய், "நான் பண்றேண்ணே" என்று வந்தார்.

"நீங்க உங்க வேலையப் பாருங்க பாய். அவன் எங்க? முருகேசா, வெளிய வாடா."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து புது பிளேடு ஒன்றை எடுத்து நீட்டினார். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார். உறையை அவர் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும்.

"மானியம் வேற, இது வேற. உன் தம்பிகிட்டயும் சொல்லிடு" என்றார். பிறகு கழுத்தை நீட்டினார். வழக்கம்போலக் கண்ணாடியில் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சவரம் முடிகிற வரைக்கும் கண்ணை மூடவில்லை.

மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. அத்தனை பேர் பார்க்க என் சேரில் உட்கார்ந்தாரே, அது போதும். அவர் எழுந்ததும் அடுத்த ஆளும் என் சேருக்கே வந்தார். தம்பி வீட்டில் சோறு சாப்பிட மட்டும் எனக்கு இன்னும் பல நாள் ஆனது.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்வது இதுதான். டை போட வருகிறவர் அவசரம் என்பார், நாளைக்குக் கல்யாணம் என்பார். மசியாதீர்கள். அவர் காதுக்குப் பின்னால்தான் தடவ வேண்டும். உங்கள் கையில் இல்லை, அவர் மச்சான் கையில் இல்லை. இரண்டு நாள் கழித்து வரச் சொல்லுங்கள். அரித்தால் போடாதீர்கள், டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ விளக்கெண்ணெய் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வம்சத்து மீசை என்று யாராவது சொன்னால், கூச்சப்படாமல் இன்னொரு தடவை கேளுங்கள்.

இப்போது நான் காதுக்குப் பின்னால் தடவி அனுப்பினால், சில பேர் முறைக்கிறார்கள். போன வாரம்கூட ஒருவர் கேட்டார். "ஏம்ப்பா, உன் சரக்கு மேல உனக்கே சந்தேகமா?"

"சரக்கு மேல இல்லண்ணே," என்றேன். "உங்க மேலதான்."

எழுதி முடித்தது:
ஆடி மாதம், மூன்றாம் செவ்வாய்க்கிழமை. கடை விடுமுறை.